மொய்னா டிரம்மில் கொசுப்புழு: மூன்றாவது முயற்சி

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் ஆறு தொட்டி வைத்திருக்கிறேன். நான்கில் கப்பி, ஒன்றில் செர்ரி இறால், மீதி ஒரு நீல டிரம்மில் மீன்குஞ்சுத் தீனிக்காக மொய்னா என்ற பொடிப்பொடி நீர்வாழ் உயிர். தலைவலி முழுக்க அந்த டிரம்மில்தான். மொய்னாவுக்குப் பாசி நிறைந்த பச்சை நிறத் தண்ணீர் வேண்டும், அதே தண்ணீர் கொசுப்புழுவுக்கும் விருந்து. மீனை விட்டால் புழுவோடு சேர்த்து மொய்னாவையும் காலி செய்துவிடும். டீ வடிகட்டியில் அள்ளினாலும் விட்டுப்போன நாலு புழு ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடுகிறது. கொசு ஒழிப்புக்கு வரும் அக்கா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, அடுத்த வாரமும் இப்படியே இருந்தா நானே கவுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலாவதை முயற்சி என்று சொல்ல முடியாது, விபத்து. அம்மா மாடிப்படியில் கரப்பானுக்கு ஸ்பிரே அடித்தார், காற்று தொட்டிப் பக்கம் வீசியது. காலையில் டிரம் அடியில் மொய்னா செம்பழுப்பு மாவாகப் படிந்து கிடந்தது, பக்கத்துத் தொட்டியில் ஏழு கப்பி மல்லாந்திருந்தன. டப்பாவில் இருந்தது பைரித்ராய்டு. நம் உடம்பு அதைச் சீக்கிரமே உடைத்து வெளியே தள்ளிவிடும். மீனுக்கு அந்த வேகம் கிடையாது, மருந்து செவுள் வழியாக நேரே உள்ளே போகிறது. மொய்னாவோ இறால், நண்டு வகையறா, பூச்சிக்கு ஒன்றுவிட்ட சொந்தம், பூச்சிக்கு விழும் அடி அதற்கும் விழும்.

இரண்டாவது என் அவசரம். செடிக்கடையில் பி.டி. (புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து) என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். ஒன்றிரண்டு புழு செத்தது, மற்றதெல்லாம் ஜாலியாக நெளிந்துகொண்டிருந்தது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் குர்ஸ்டாகி ரகம், அதாவது முட்டைக்கோஸ் தின்னும் கம்பளிப்புழு வகைக்கானது. எனக்கு வேண்டியது இஸ்ரேலென்சிஸ், சுருக்கமாக பி.டி.ஐ. 1976-இல் நெகேவ் பாலைவனத்தில் ஒரு தேங்கிய குட்டையில் கண்டுபிடித்த பாக்டீரியா.

இந்தத் தடவை பி.டி.ஐ. வாங்கி, நேரே டிரம்மில் கொட்டாமல், வெட்டிய தண்ணீர் பாட்டில் இரண்டில் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் 20 கொசுப்புழு, 3 கூட்டுப்புழு, ஒரு கரண்டி மொய்னா. ஒன்றில் மட்டும் மருந்து. சாயங்காலம் போட்டுவிட்டு போன் கேமராவில் லென்ஸ் மாட்டி உட்கார்ந்தேன். புழுவின் வாயருகே இருக்கும் தூரிகை முதலில் விறுவிறுவென்று அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு விட்டு விட்டு, பிறகு நின்றே போனது. காலையில் 19 புழு செத்து அடியில் கிடந்தது. மொய்னா வழக்கம்போலத் துள்ளிக்கொண்டிருந்தது, மருந்து போடாத பாட்டிலோடு ஒப்பிட்டால் வித்தியாசமே இல்லை.

விஷயம் குடலில் இருக்கிறது. பி.டி.ஐ. தரும் புரதம் படிகமாகத்தான் உள்ளே போகும். கொசுப்புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது, அங்கே படிகம் கரைந்து, செரிமான நொதி அதை வெட்டி, குடல் சுவரில் ஒட்டி ஓட்டை போடுகிறது. நம் வயிற்றில் அமிலம், ஒட்டிக்கொள்ள இடமும் இல்லை. மொய்னாவும் அதே தூளை வடிகட்டி விழுங்கத்தான் செய்கிறது, ஒன்றும் ஆகவில்லை.

கூட்டுப்புழு மூன்றும் சாகவில்லை. மருந்து போலி என்று திட்டிவிட்டேன், அப்புறம்தான் உறைத்தது, கூட்டுப்புழு எதையும் தின்னாதே! தின்னாததை எப்படிக் கொல்லும்? அதற்கு டீ வடிகட்டிதான்.

டிரம்மில் பலன் கொஞ்சம் மந்தம். தண்ணீர் கெட்டியான பச்சையாக இருந்தால் புழு பாசியிலேயே வயிறு நிறைந்து மருந்தைக் குறைவாகத் தின்கிறது, தூளும் அடியில் இறங்கிவிடுகிறது. பாதித் தண்ணீரை மாற்றி, வெயில் இறங்கின பிறகு போட்டதும் சரியானது. வாரம் ஒரு முறை திரும்பப் போடுகிறேன். அக்கா வந்து பார்த்தார், கவிழ்க்கவில்லை.

போன ஞாயிறு கொளத்தூரில் மீன் கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் காட்டினார், புழு தோல் உரிக்க முடியாமல் செத்துவிடும், மீனுக்கு ஒன்றும் ஆகாது என்றார். டைஃப்ளுபென்சூரான். மீன் வரைக்கும் அவர் சொன்னது பரவாயில்லைதான். ஆனால் மொய்னாவும் இறாலும் ஓடு கழற்றித்தானே வளர்கின்றன, அந்த ஓட்டைக் கட்டவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலையே. வாங்காமல் வந்துவிட்டேன். செர்ரி இறாலில் இரண்டு இந்த வாரம்தான் வயிற்றடியில் முட்டை சுமந்து திரிகின்றன.