மேற்கு வானத்தைப் பார்த்து வண்டி எடுக்கும் ஊர்

கனடாவின் தெற்கு ஆல்பர்ட்டாவுக்குக் குளிர்காலத்தில் போவதாக இருந்தால், தங்கும் அறையைப் பதிவு செய்வதற்கு முன்னால் அந்த வாரத்து வானிலை முன்னறிவிப்பைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் தலை சுற்றும். நான் ஜனவரியில் போனபோது வந்திருந்த அறிவிப்பு இது: முதலில் வடக்கிலிருந்து குளிர் முகப்பு, அதாவது நகர்ந்து வரும் குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, பனிப்பொழிவு, மைனஸ் 22 டிகிரி. அப்புறம் மேற்கிலிருந்து பலத்த காற்றுக்கு எச்சரிக்கை. அதற்கு மறுநாள் ப்ளஸ் 9. எல்லாம் ஒரே ஊருக்கு, ஒரே வாரத்தில்.

அக்கா வீடு கால்கரியில். நாங்கள் போக நினைத்த லெத்பிரிட்ஜ் நகரம் அங்கிருந்து சுமார் 210 கிலோமீட்டர் தெற்கே. அத்தான் வேலை விஷயமாக அந்தப் பாதையில் அடிக்கடி ஓட்டுகிறவர். நான் டிகிரியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சொன்னார்: "மாப்ள, அதை விடு. காத்து எந்தப் பக்கத்துல இருந்து, எத்தனை மணிக்குன்னு பாரு. இங்க அதுதான் முக்கியம்."

குளிர் முகப்பு சொன்ன நேரத்துக்கே வந்தது. ஆர்க்டிக் பக்கத்துக் காற்று கனமானது. தரையோடு தவழ்ந்து வந்து ராக்கி மலையடிவாரத்தில் முட்டி அங்கேயே தேங்கிக்கொள்கிறது. மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் வீசினால், உடம்புக்கு அது மைனஸ் 34 போலத் தெரியும். மூடாத தோல் அரை மணி நேரத்துக்குள்ளேயே உறைந்துவிடலாம். அந்த நாட்களில் நாங்கள் வீட்டைவிட்டு நகரவில்லை. யாரும் நகர வேண்டாம் என்பதே என் யோசனை.

காற்று திரும்பும் என்று சொல்லியிருந்த நாளில் கிளம்பினோம். ஃபோர்ட் மெக்லவுட் நெருங்கும்போது மேற்கே அந்தக் காட்சி தெரிந்தது. சாம்பல் நிற மேகம் பெரிய வளைவாக வானத்தை மூடியிருக்க, அதன் விளிம்புக்கும் மலை உச்சிகளுக்கும் இடையில் மட்டும் ஒரு பட்டை தெளிந்த நீலம். ஷினூக் வளைவு என்கிறார்கள். மலையிலிருந்து இறங்கி வரும் வெதுவெதுப்பான மேற்குக் காற்றுக்குத்தான் ஷினூக் என்று பெயர். அதைப் பார்த்துவிட்டால் உள்ளூர்க்காரர்கள் அறிவிப்புக்குக் காத்திருப்பதில்லை. வெதுவெதுப்பு வந்துகொண்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பசிபிக் பெருங்கடலின் ஈரக் காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது மழையாகவும் பனியாகவும் ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. ஈரம் நீராகும்போது வெளிப்படும் வெப்பம் காற்றிலேயே தங்கிவிடுவதால், ஏறும்போது அது மெதுவாகத்தான் குளிர்கிறது. காய்ந்துபோய்க் கிழக்கே இறங்கும்போதோ ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 10 டிகிரி சூடேறுகிறது. ஆகவே அடிவாரத்துக்கு வந்து சேரும்போது, கிளம்பிய இடத்தைவிடவும் சூடாக இருக்கிறது. தேங்கிக் கிடக்கும் குளிர்காற்றின் மேல் முதலில் மிதந்து, பிறகு அதைத் துடைத்துத் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை முன்னும் பின்னும் ஆடும்போது ஒரே ஊரில் வெப்பநிலை ஏறி இறங்கி விளையாடும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உள்ள ஸ்பியர்ஃபிஷ் ஊரில் 1943 ஜனவரி 22 காலையில், இரண்டே நிமிடத்தில் மைனஸ் 20-இலிருந்து 7 டிகிரிக்கு ஏறியது இப்படித்தான்.

ஆரல்வாய்மொழிக் காற்றில் வளர்ந்தவனுக்கு இது புதிராக இல்லை. அங்கே மேற்குத் தொடர்ச்சி மலை, இங்கே ராக்கி. இரண்டு இடத்திலும் மழை அந்தப் பக்கம், காய்ந்த காற்று இந்தப் பக்கம். கணவாய் இருக்கும் இடத்தில் காற்று இன்னும் நெருக்கிக்கொண்டு வரும். குரோஸ்நெஸ்ட் கணவாய்க்குக் கிழக்கே பின்ச்சர் கிரீக் பக்கம் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதும் அதனால்தான். கனடாவின் முதல் வணிகக் காற்றாலைப் பண்ணை 1993-இல் அங்கேதான் கௌலி ரிட்ஜில் தொடங்கியது.

லெத்பிரிட்ஜில் வண்டியை நிறுத்தியதும் அத்தான் முதலில் சொன்னது, "கதவை விட்றாத, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ." காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் கதவு முன்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போய்க் கீல் வளைந்துவிடுமாம். முகத்தைக் காற்றுக்கு எதிராக வைத்துத்தான் நிறுத்த வேண்டும். கதவை ஒரு சாண் திறப்பதற்குள் தோள் வலித்தது. தரையில் மீந்திருந்த பனித்தூள் தார்ச்சாலைக்கு மேலே கணுக்கால் உயரத்தில் புகையாக ஓடிக்கொண்டே இருந்தது. சாலையே நகர்வது போலிருந்தது. ஓல்ட்மேன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலே 1909-இல் கட்டி முடித்த ரயில் பாலம், 1.6 கிலோமீட்டர் நீளம், 96 மீட்டர் உயரம். இந்தக் காற்றில் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது, அவ்வளவு உயரத்தில் ஏறி ஆணி அடித்த தொழிலாளர்களை நினைத்து மனசு கனத்தது.

மறுநாள் ப்ளஸ் 9 வந்தேவிட்டது. பனிக்குவியல்களைக் காணோம். உருகி ஓடிய தண்ணீரும் நாம் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை. காற்று அவ்வளவு காய்ந்திருப்பதால் பனியில் ஒரு பகுதி நேராகவே ஆவியாகிவிடுகிறது. மேய்ச்சல் நிலத்தில் பழுப்புப் புல் வெளியே தெரிந்தது. இந்தப் பிரதேசத்தின் மாட்டுப் பண்ணைகள் உருவானதே இந்தக் காற்றை நம்பித்தான். குளிர்காலத்திலும் புல் கிடைக்கும் என்று மாடுகளைத் திறந்த வெளியில் விட்டார்கள். 1906–07 குளிர்காலத்தில் அந்த நம்பிக்கை பொய்த்தது. கடும் குளிரும் பனியும் விலகாமல் நீள, மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. திறந்தவெளி மேய்ச்சல் காலத்துக்கு அதுவே முடிவாகிப் போனது. ஊரைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் பாலத்தோடு இந்தக் கதையையும் கேட்டுவிட்டு வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

வெதுவெதுப்பு எல்லோருக்கும் சுகமில்லை. அக்காவுக்கு ஷினூக் வந்தாலே ஒற்றைத் தலைவலி. கால்கரியில் இப்படிச் சொல்கிறவர்கள் நிறைய. தலைவலிக்காரர்கள் மாத்திரை இல்லாமல் போகாதீர்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். பகலில் உருகிய ஈரம் இரவில் சாலையில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் பனியாக உறையும். அடுத்த குளிர் முகப்பு பின்னாலேயே வருவதாக அறிவிப்பு இருந்ததால், மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு திரும்பிவிட்டோம். வாடகைக்கு எடுக்கும் வண்டியில் குளிர்கால டயர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். உயரமான வேன் வேண்டாம், காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும். பெட்ரோலைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ப்ளஸ் 9 என்று பார்த்துக் கனமான கோட்டை வீட்டில் வைத்துவிட்டும் போகாதீர்கள்.