நான்கு பிறப்புப் பத்திரங்களும் ஒரு மொய் நோட்டும்

கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் இருந்த தகவல் ஒரே வரிதான். நன்னிலம் பக்கத்திலிருந்து ரஜூலா கப்பலில் மலாயாவுக்கு வந்தார், கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் இரும்பு அடித்தார். அவருக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. போன பொங்கல் விடுமுறையில் அவரைத் தேட ஆரம்பித்தேன். எட்டு மாதம் ஆகிறது. இதுவரை கிடைத்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் கையில் இருந்ததை எடுத்துக்கொண்டேன். அத்தைப்பாட்டி வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதில் இரண்டு பிறப்புப் பத்திரங்கள்: என் தாத்தாவுடையது 1928, அத்தைப்பாட்டியுடையது 1937. கூடவே, 1953-ல் நடந்த தாத்தா கல்யாணத்தின் மொய் நோட்டு. நோட்டை அப்போது ஓரமாக வைத்துவிட்டேன். அது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

பத்திரத்தில் நம் கண் நேராகக் குழந்தையின் பெயருக்குத்தான் போகும். எனக்கு உதவியது தகப்பனாரின் தொழில் என்ற கட்டம். 1928-ல் ‘பிளாக்ஸ்மித், எப்.எம்.எஸ். ரயில்வே’ என்று மை மங்காமல் இருந்தது. அதாவது, கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வேயில் கொல்லர். 1937-லும் அதே தொழில்தான். சரி, மற்ற இரண்டு பிள்ளைகளின் பத்திரத்தையும் எடுத்துப் பார்ப்போம் என்று பதிவகத்துக்கு விண்ணப்பித்தேன்.

இங்கேதான் மூன்று மாதம் போனது. மூத்த பெண்ணின் பதிவு கிடைக்கவே இல்லை. தமிழ்ப் பெயரை அன்றைய எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ‘ஆசாரி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒருவர் எஸ் போடுவார், இன்னொருவர் சிஎச் போடுவார். கடைசியில் ஐ வரலாம், ஒய் வரலாம். முன்னால் உள்ள பெயருக்கும் இதே கதைதான். உட்கார்ந்து பன்னிரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஏழாவது பொருந்தியது. தேட நினைப்பவர்கள் முதல் நாளே இந்தப் பட்டியலைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மூத்தவரின் ஆண்டு 1924. பார்த்ததும் கணக்கு இடித்தது. ரஜூலா கட்டப்பட்டதே 1926-ல்தான். அந்தக் கப்பலில் வந்தவருக்கு 1924-ல் செந்தூலில் எப்படிப் பிள்ளை பிறக்கும்?

தொழில் கட்டத்திலும் வேறு சொல் இருந்தது: ‘ஹேமர்மேன்’. அதாவது சம்மட்டியாள். உலையில் காய்ந்த இரும்பைக் கொல்லர் குறட்டால் பிடித்து, கைச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி இடம் காட்டுவார். எதிரே நிற்பவர் அங்கே சம்மட்டியை ஓங்கி இறக்க வேண்டும். கைச்சுத்தி அடைகல்லில் விழுந்தால் நிறுத்தம். பேச்சே கிடையாது. ஊரில் சொந்தப் பட்டறை வைத்து, கலப்பைக் கொழுவும் கருக்கரிவாளும் அடித்த குடும்பம். இங்கே வந்து இன்னொருவர் காட்டிய இடத்தில் அடித்துத்தான் வேலையைத் தொடங்கியிருக்கிறார். 1923-ல் கடலுக்குக் குறுக்கே போட்ட ஜொகூர் தாம்போதி வழியாக ரயில் சிங்கப்பூர் வரை போனது. அப்படி ரயில்வே வளர்ந்துகொண்டிருந்த சமயத்தில் அவர் அங்கே சம்மட்டி பிடித்து நின்றிருக்கிறார். அடுத்த நாலு வருடத்தில் அவரே கொல்லர். இந்த இரண்டு கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1932-ல் பிறந்த சின்னத் தாத்தாவின் பத்திரத்தில் பிறந்த இடம் செந்தூல் இல்லை. கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்று. தொழில், தோட்டத்துக் கொல்லர். உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்து, மலாயாவிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட காலம் அது. இவர் கப்பல் ஏறாமல் தோட்டத்துக்குப் போய், மண்வெட்டியும் பால்மரம் சீவும் கத்தியும் தட்டிக் காலத்தை ஓட்டியிருக்கிறார். 1937-ல் திரும்பவும் ரயில்வே. ஒரு மனிதர் இறங்கி ஏறியதை அவர் பிள்ளைகளின் பத்திரங்கள் வரிசையாகச் சொல்கின்றன.

ரஜூலா விவகாரம் மட்டும் மிச்சம். பத்திரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோதுதான் தாயாரின் பெயர் கண்ணில் பட்டது. 1924-ல் இருந்த பெயர் மற்ற மூன்றிலும் இல்லை. எழுத்தர் தவறு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இது எழுத்து மாறிய பெயர் அல்ல, முற்றிலும் வேறு பெயர்.

அப்புறம்தான் மொய் நோட்டைத் திறந்தேன். மொய் எழுதும் முறை நம் எல்லோருக்கும் தெரியும். ஊர் முதலில், பிறகு பெயர், பிறகு தொகை. வம்சாவளி தேடுபவருக்கு இதைவிட நல்ல ஆவணம் இல்லை என்று இப்போது நம்புகிறேன். யார் எந்த ஊரிலிருந்து, எந்த முறையில் வந்தார்கள் என்று உறவுக்காரர்களே உட்கார்ந்து எழுதியது அது. ஆறாவது பக்கத்தில், நீல மையில் ஒரு வரி: ‘நன்னிலம், மூத்தாள் வகை, இப்போது ஈப்போ, 5 வெள்ளி.’

மூத்தாள். முதல் மனைவி. அவருடைய பிறந்த வீட்டார், அந்த அம்மா போய் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும், இரண்டாம் தாரத்தின் மகன் கல்யாணத்துக்கு ஈப்போவிலிருந்து வந்து மொய் எழுதியிருக்கிறார்கள். ரஜூலா கதையும் இதில் சரியாகிவிட்டது. மூத்தாள் 1924-க்குப் பிறகு இறந்திருக்கிறார். கைக்குழந்தையோடு ஊருக்குப் போனவர், மறுமணம் செய்துகொண்டு, மகளையும் புது மனைவியையும் கூட்டிக்கொண்டு ரஜூலாவில் திரும்பியிருக்கிறார். குடும்பம் நினைவில் வைத்திருந்தது அந்த இரண்டாவது பயணத்தைத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தைப்பாட்டியிடம் போனேன். அவருக்கு 88 வயது. பட்டறையைப் பற்றிக் கேட்டால் அவர் எப்போதும் 1945-ஐத்தான் சொல்வார். அந்த பிப்ரவரியில் பி-29 விமானங்கள் ரயில்வே பட்டறைமேல் குண்டு போட்டபோது குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சாக்கடையில் குப்புறப் படுத்துக்கிடந்தது, அப்பா உடம்பெல்லாம் கரியோடு ஓடிவந்து பிள்ளைகளை எண்ணியது. இந்த முறையும் அதைச் சொன்னார். கேட்டு முடித்த பிறகு அவர் கையில் அப்பாவின் குறட்டைக் கொடுத்துவிட்டு, 1924 பத்திரத்தை எடுத்தேன். அந்தக் குறடு அவர் வீட்டில்தான் இருக்கிறது. உருண்டைக் கம்பி நழுவாமல் இருக்க வாயில் அரைவட்டமாகக் குழி போட்டு, தன் கைக்கு ஏற்றபடி கொள்ளுத்தாத்தாவே அடித்துக்கொண்டது. பிடியில் இரும்பு வழவழவென்று தேய்ந்திருக்கும்.

தாயார் பெயரை மெதுவாகப் படித்துக் காட்டினேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை என்றார். கொஞ்ச நேரம் குறட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா போகியன்னிக்கு ரெண்டு புடவை வெச்சுப் படைப்பாரு தம்பி. ஒண்ணு ஊர்ல இருந்த எங்க அப்பாயிக்குன்னு தெரியும். இன்னொண்ணு யாருக்குன்னு நாங்க யாரும் கேட்டதில்ல. படைச்சு எடுத்தா அந்தப் புடவைய அக்காவுக்குத்தான் குடுப்பாரு. எங்கம்மாவும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

அந்தப் பெயரை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.