லிமிட்டுக்குள்ளதான் இருக்கு

பர்ரப் தீபகற்பத்துக்குள் வண்டி நுழைந்ததும் எனக்கு ஊர்க் கல்குவாரி ஞாபகம்தான் வந்தது. டிப்பர் டிப்பராகக் கொட்டியதுபோல் குன்று குன்றாகத் துருப்பிடித்த நிறத்தில் பாறைகள். "எந்தக் கம்பெனி இவ்வளவு கழிவைக் கொட்டியிருக்கு?" என்று கேட்டேன். வண்டி ஓட்டியவர் சிரித்தார். யாரும் கொட்டவில்லையாம். மலையே வெயிலிலும் மழையிலும் விண்டு விண்டு அப்படிக் கிடக்கிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், கராத்தா ஊரை ஒட்டிய இடம் அது. காற்றின் தரத்தை அளக்கும் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. இரண்டு வாரம் சைட், ஒரு வாரம் பெர்த்தில் வீடு. சுற்றிலும் எரிவாயு ஆலை, அமோனியா ஆலை, இரும்புத்தாது ஏற்றும் துறைமுகம், உப்பளம். கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் எவ்வளவு என்று பெட்டிக்குள் இருக்கும் கருவி நாள் முழுக்க எழுதிக்கொண்டிருக்கும். நான் போய் சுத்தக் காற்றைக் கொடுத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பேன். பிறகு அளவு தெரிந்த வாயுவைக் கொடுத்து அதே எண் வருகிறதா என்று பார்ப்பேன். வராவிட்டால் சரிசெய்து லாக்புக்கில் எழுத வேண்டும். ஏசி கேபினுக்குள் இருபது நிமிடம், வெளியே நாற்பது டிகிரிக்கு மேல் வெயில். யோசிக்க நேரமில்லாத வேலை என்று சொல்ல முடியாது. யோசிக்க அவசியமில்லாத வேலை என்று அப்போது நினைத்திருந்தேன்.

முதல் மாதமே ஒரு தப்பு செய்தேன். நண்பகலில் கருவிப்பெட்டியைத் தட்டையான ஒரு பாறைமேல் வைத்துவிட்டுக் குனிந்து கேபிள் பார்த்துக்கொண்டிருந்தேன். உடன் வந்திருந்த ரேஞ்சர், அறுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர், சத்தம் போடவில்லை. "அதைக் கொஞ்சம் எடுத்துவிடு" என்றார். எடுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. "சாயங்காலம் வா" என்றார். ஐந்தரை மணிக்கு வெயில் சாய்ந்து விழுந்தபோது அந்தப் பாறையில் ஓர் ஆமை எழுந்து வந்தது. ஓடு, நான்கு துடுப்பு, குட்டித் தலை. பக்கத்துப் பாறையில் கங்காரு. அதற்கு மேலே இரண்டு பெரிய கண்களோடு ஒரு முகம். மதியம் முழுக்க இவற்றுக்கு நடுவேதான் நின்றிருக்கிறேன்.

அங்கே பழங்குடிப் பெரியவர்களை அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு அதில் சிரமமே இல்லை. அந்த ரேஞ்சர் அங்கிள் சொல்லித்தான் தெரிந்தது, அந்த இடத்தின் பெயர் முருஜுகா. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருப்பது என்று பொருள். பர்ரப் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பக்கத்து ஊரில் கொலையுண்ட ஒரு வங்கி குமாஸ்தாவின் பெயர். தனித் தீவாக இருந்த இடத்தை 1960களில் கடலில் மண்சாலை போட்டு ஒட்டி, 1979-இல் அந்தப் பெயரை வைத்தார்கள். பள்ளியோடு நாம் விட்டுவிட்ட ங அங்கே சொல்லுக்கு முதலிலேயே வரும்: ஙார்லுமா என்ற மக்கள், ஙஜர்லி என்ற பள்ளத்தாக்கு. வெள்ளைக்கார நண்பர்கள் திணறும்போது நான் சுலபமாகச் சொன்னேன். அங்கிளிடம் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதற்குத்தான்.

முருஜுகாவில் இப்படி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கீறல் ஓவியங்கள் உண்டு. மிகப் பழையவை 50,000 ஆண்டுக்கு முந்தியவையாக இருக்கலாம் என்கிறார்கள். ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் சுமார் 3,000 ஆண்டுக்கு முன்பே அழிந்த தைலசின் என்ற கோடு போட்ட விலங்கும் அவற்றில் இருக்கிறது. கடல் தொலைவில் இருந்த காலத்தில் நிலத்து விலங்குகளைச் செதுக்கியிருக்கிறார்கள். பனியுகம் முடிந்து கடல் ஏறி வந்த பிறகு மீனும் ஆமையும். அங்கிளைக் கேட்டால் இவற்றை மனிதர்கள் செய்யவில்லை, மார்கா என்னும் ஆதி சக்திகள் விட்டுப்போன சட்டங்கள் என்பார். அந்த நிலத்துக்குரிய யாபுராரா மக்களை 1868-இல் வேட்டையாடிக் கொன்றார்கள். எத்தனை பேர் என்பதில் இன்றும் தகராறு. மிச்சமிருந்த சுற்றுவட்டார மக்கள்தான் இன்று காவல்.

பாறையின் உள்நிறம் வெளிர். மேலே இரும்பும் மாங்கனீசும் கலந்த, செம்பழுப்பான மெல்லிய தோல். கல்லால் தட்டித் தட்டி அந்தத் தோலை எடுத்ததால்தான் உருவம் தெரிகிறது. தோல் போனால் படமும் போயிற்று. அது உருவாவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். கந்தக, நைட்ரஜன் வாயுக்கள் பாறைமேல் படிந்து இரவுப் பனியில் கரைந்தால் அமிலம். அந்தத் தோல் அமிலத்தைத் தாங்காது.

இந்த இடத்தில்தான் என் லாக்புக் எனக்கே இடறியது. நான் வேலை பார்த்த ஒப்பந்த நிறுவனத்தில் மேலாளர் மாதாமாதம் அறிக்கையைப் பார்த்துச் சொல்வது ஒரே வரி: "எல்லாம் லிமிட்டுக்குள்ள இருக்கு." பொய்யில்லை. ஆனால் அந்த லிமிட் மனித நுரையீரலுக்காகப் போட்டது. நுரையீரல் எண்பது வருடம் ஓடினால் போதும். பாறைக்கு என்ன லிமிட் என்று கேட்டேன். "அது நம்ம ஸ்கோப் இல்லை" என்றார். எரிவாயு ஆலை 1984 முதல் ஓடுகிறது. பாறைக்கென்று தனி அளவுகோல் உருவாக்கும் பெரிய கண்காணிப்புத் திட்டம் முருஜுகா மக்கள் அமைப்போடும் கர்டின் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து வந்ததெல்லாம் வெகு பிற்பாடு. அதன் அறிக்கை 2025 மே மாதம் வெளியானது. ஆலைகளுக்குப் பக்கத்தில் ஒருவகைப் பாறையில் நுண்துளைகள் கூடுதலாக இருந்தன. பழைய காலப் புகையே காரணம் என்றது அரசு. இன்றைய புகைக்கும் பங்கு உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் சண்டை பிடித்தார்கள். எண்ணைப் பிடிக்கிறவனாக நான் இரண்டாம் கட்சி.

2020 மே மாதம் அதே பில்பராவின் ஜூகன் பள்ளத்தாக்கில், 46,000 ஆண்டுகளாக மனிதர் தங்கிவந்த குகைகளை ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத்தாதுக்காக வெடிவைத்துத் தகர்த்தது. சட்டப்படி அனுமதி வாங்கித்தான் செய்தார்கள். உலகமே திட்டியது, தலைமை அதிகாரி பதவி விலகினார். முருஜுகாவில் வெடிச்சத்தம் கிடையாது. எந்த நாளில் எந்த ஆமை மங்கியது என்று யாரும் செய்தி போட முடியாது. 1980களில் ஆலைக்காகக் கீறல் பாறைகளைப் பெயர்த்து வேலிக்குள் அடுக்கியதாவது கண்ணுக்குத் தெரிகிற அநியாயம்.

2025 ஜூலையில் முருஜுகா உலகப் பாரம்பரியச் சின்னமானது. முதலில் புகைக்கு வழி செய்யுங்கள் என்று நிபுணர் குழு திருப்பி அனுப்பப் பரிந்துரைத்தும், யுனெஸ்கோவின் பாரிஸ் கூட்டம் ஏற்றுக்கொண்டது. செப்டம்பரில் அதே எரிவாயு ஆலை 2070 வரை ஓட, சில நிபந்தனைகளோடு இறுதி அனுமதி வந்தது. பெர்த் வீட்டில் உட்கார்ந்து இரண்டு செய்தியையும் படித்தேன். அந்த வீட்டுக் கடனை அடைத்ததும் அந்தப் புகையை அளந்த சம்பளம்தான். இதை எழுதாமல் விட்டால் அங்கிள் சிரிப்பார்.

வேலையை விடும் வாரத்தில் புதிதாக வந்த கோயம்புத்தூர்ப் பையனை அழைத்துப்போய் ஸ்டேஷன்களைக் காட்டினேன். இறங்கியதும் பையை ஒரு பாறைமேல் வைத்தான்.

"தம்பி, அதை எடு."

"இதுல ஒண்ணும் இல்லையேண்ணா."

"சாயங்காலம் வந்து பார்."

வந்தோம். வெயில் சாயும்வரை நின்றோம். அவன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் குனிந்து பார்த்தோம். உண்மையிலேயே அதில் ஒன்றும் இல்லை.

"நான்தான் சொன்னேனேண்ணா" என்றான்.

"சரி. இருந்தாலும் வைக்காதே."