லாரன்ஸ் சாலையில் ஒரு மகமை

பலசரக்குக் கடை போட்டு ஏழாவது மாதம், கட்டட உரிமையாளரின் அலுவலகத்திலிருந்து கணக்குத் தாள் வந்தது. டொராண்டோவில் கடை வாடகை ஒரே தொகையாக வருவதில்லை. வாடகை தனி, அதன்மேல் டி.எம்.ஐ. என்று மூன்றெழுத்து தனி. கட்டடத்தின் சொத்துவரி, பராமரிப்பு, காப்பீடு ஆகியவற்றில் நம் கடையின் சதுரஅடிக்கு ஏற்ற பங்கு அது. இதையெல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே மென்று விழுங்கியிருந்தேன். ஆனால் இந்தத் தாளில் 'பி.ஐ.ஏ.' (பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் ஏரியா, அதாவது கடைவீதி மேம்பாட்டுப் பகுதி) என்று புதிதாக ஒரு வரி. அது மட்டும் இடித்தது.

அப்பா விருதுநகரில் பருப்பு மண்டியில் கணக்கு எழுதியவர். ஒரு ரூபாய் இடித்தாலும் பேரேட்டை மூடாமல் நள்ளிரவு வரை உட்கார்ந்திருப்பார். நானும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன். அங்கே ரொட்டி சுடுகிறவர் சிரியாக்காரர். "எல்லாருக்கும்தான் வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை கூட்டம் போடுவார்கள், அங்கே போய்ச் சண்டை போடு" என்றார். நீங்கள் போனதுண்டா என்று கேட்டேன். சண்டை போட நேரம் ஏது என்றார், மாவைத் தட்டியபடி.

எங்கள் பிளாசா ஸ்கார்பரோவில், லாரன்ஸ் அவென்யூ கிழக்கில், விக்டோரியா பார்க் சாலையைத் தாண்டி இருக்கிறது. 54ஆம் எண் பஸ் போகும் பாதை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வயல்களை எடுத்துவிட்டு வரிசையாக வீடுகள் கட்டியபோது அவற்றுக்குத் துணையாக முளைத்த வகைப் பிளாசா. நீளமாக ஒரு கட்டடம், அதில் பத்துப் பன்னிரண்டு கடைகள், முன்னால் எல்லாக் கடைகளையும் சேர்த்தாலும் ஈடாகாத அளவுக்குக் கார் நிறுத்தம். 2010 நவம்பரில் வந்து இறங்கியபோது இதைக் கடைவீதி என்று ஒப்புக்கொள்ளவே எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊர்ப் பஜாரில் மூட்டை தூக்குகிறவர் 'வழி, வழி' என்று கத்திக்கொண்டுதான் நடக்க முடியும். இங்கே ஆள் காரிலிருந்து இறங்குகிறார், பத்தடி நடக்கிறார், வாங்குகிறார், மறுபடி காரில் ஏறிவிடுகிறார். பக்கத்துக் கடையில் என்ன விற்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

முதல் இரண்டரை வருடம் ஒரு கிடங்கில் இரவு வேலை. 2013இல் மனைவியின் சேமிப்பையும் கடனையும் சேர்த்து இந்தக் கடையை எடுத்தோம். உணவு கையாளும் பயிற்சிக்குப் போய்த் தேர்வு எழுதினேன். நகராட்சியின் சுகாதார ஆய்வாளர் வந்து குளிர்பெட்டிக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்து, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளப் பச்சைத் தாளைக் கொடுத்தார். இங்கே உணவுக் கடைகளுக்குப் பச்சை என்றால் தேறியது, மஞ்சள் என்றால் நிபந்தனையோடு தேறியது, சிவப்பு என்றால் கதவைச் சாத்த வேண்டியதுதான். பத்தாம் வகுப்பில் தேறியபோதுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி யாழ்ப்பாணத்துக்காரர்கள். அதே தமிழ்தானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். முதல் வாரமே ஒரு அம்மா வந்து, "தம்பி, நற்சீரகம் இருக்கிறதா?" என்றார். நல்ல சீரகம்தான் அம்மா, கெட்டதை நான் விற்கமாட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தானே உள்ளே போய் எடுத்து வந்தார். நாம் வெறுமனே சீரகம் என்பது அவர்களுக்கு நற்சீரகம், நம் சோம்பு அவர்களுக்குப் பெருஞ்சீரகம். தேசிக்காய் என்றால் எலுமிச்சை, மரக்கறி என்றால் காய்கறி. அன்றிரவே உட்கார்ந்து எல்லாச் சாமானுக்கும் இரண்டு பெயர் எழுதி ஒட்டினேன். சீனியில் மட்டும் சிக்கல் இல்லை, எங்கள் பக்கத்திலும் அது சீனிதான். அண்ணாச்சி என்று யாராவது கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்திருந்த காது, மெல்ல 'அண்ணை'க்குப் பழகிக்கொண்டது.

சண்டைக்கு வருகிறேன். கூட்டம் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள், பதினான்கு பேர் வந்திருந்தோம். ஒரு மேசையில் அட்டைப் பெட்டிக் காபி, பக்கத்தில் சின்னச் சின்ன டோனட் உருண்டைகள். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் நகலை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். மின்கம்பத்தில் தொங்கும் பூச்சட்டிகள், கொடிகள், கிறிஸ்துமஸ் விளக்குகள், தெருத் திருவிழா. பூச்சட்டியைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, என் கடை மிளகாய்ப்பொடி விற்கிறது, அதற்கு எதற்குப் பூ என்று என் கிடங்கு ஆங்கிலத்தில் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். எனக்கு முன்னால் இருந்த கிரேக்கப் பெரியவர் சிரிக்கவில்லை. இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். ஸ்கார்பரோ 1998இல் டொராண்டோவோடு இணைக்கப்பட்டதை இன்றும் மன்னிக்காதவர். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தார்.

இந்த ஏற்பாடு பிறந்ததே டொராண்டோவில்தான் என்றார் அவர். நகரின் மேற்கே ப்ளூர் தெருவில் ஒரு கடைவீதி. 1964இல் யார்க்டேல் என்ற பெரிய அங்காடி வளாகம் திறந்தது. சில ஆண்டுகளில் சுரங்க ரயிலும் மேற்கே நீண்டு, தெருவில் நடந்த கூட்டத்தைத் தரைக்கு அடியில் கொண்டுபோய்விட்டது. வியாபாரம் விழுந்ததும், கடைக்காரர்கள் சேர்ந்து தெருவை அழகுபடுத்தி ஆட்களை வரவழைக்கலாம் என்றார்கள். விருப்பப்பட்டவர் தரலாம் என்றபோது சிலர் தந்தார்கள், சிலர் தரவில்லை. தராத கடைக்கும் விளக்கு வெளிச்சம் விழத்தானே செய்யும்? ஆகவே எல்லாரும் கட்டாயம் தரவேண்டும் என்று சட்டம் கேட்டு வாங்கினார்கள். 1970இல் உலகிலேயே முதல் பி.ஐ.ஏ. அப்படித்தான் வந்தது. இன்று இந்த நகரத்தில் மட்டும் 80க்கும் மேல். நகராட்சி சொத்துவரியோடு சேர்த்து இந்தத் தொகையை வசூலிக்கும். அப்படியே அந்தந்தப் பகுதி அமைப்பிடம் திருப்பிக் கொடுத்துவிடும். எதற்குச் செலவழிப்பது என்று இந்தப் பதினான்கு பேர் கைதூக்கித் தீர்மானிப்பார்கள், பிறகு நகரசபை ஒப்புதல் தரும். கட்டட உரிமையாளருக்கு மட்டுமில்லை, வாடகைக்காரனுக்கும் இங்கே குரல் உண்டு.

அவர் பேசி முடிப்பதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. இதற்குப் பெயர் மகமை.

விருதுநகர்க்காரனுக்கு மகமையை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மண்டியில் விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறுதொகை பொதுவுக்கென்று எடுத்துவைப்பது வியாபாரிகளின் வழக்கம். கோயில் அதில் நடந்தது, கிணறு அதில் வெட்டப்பட்டது. 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்த பள்ளி. வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கியும் அதை நடத்தியிருக்கிறார்கள். காமராஜர் படித்தது அங்கேதான். நூறு வருடத்துக்கு மேலாக நாங்கள் செய்துவரும் காரியத்தை இங்கே கணக்குத் தாளில் பார்த்துக் கொள்ளை என்று நினைத்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. ஒரு வித்தியாசத்தையும் சொல்லவேண்டும். ஊரில் மகமை கொடுத்தவர்களும் கணக்குக் கேட்டவர்களும் ஒரே சாதிக்காரர்கள். லாரன்ஸ் சாலையில் கைதூக்கியவர்களில் சிரியா, லெபனான், கிரேக்கம், பிலிப்பைன்ஸ், சீனா எல்லாம் இருந்தன. ஊர் மகமையில் நான் பார்க்காதது அது.

மறுவருடம் ஜூலையில் தெருத் திருவிழா. 'டேஸ்ட் ஆஃப் லாரன்ஸ்' என்று பெயர். வார இறுதியில் சாலையை அடைத்துவிட்டு, கார் ஓடும் இடத்தில் உணவுக் கடைகளும் ராட்டினமும் போடுவார்கள். அந்தச் சாலையில் மனிதர்கள் தோளோடு தோள் இடித்து நடப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்குப் பங்குனிப் பொங்கல் நினைவு வந்துவிட்டது. மாரியம்மன் கோயிலுக்குத் தீச்சட்டி எடுத்து வருகிறவர்களுக்கு நீர்மோர்ப் பந்தல் போடுவோமே, அதையே போட்டுவிடுவது என்று முடிவுசெய்தேன். சுகாதாரத் துறைக்கு முன்கூட்டியே படிவம் நிரப்பி, மோர் 4 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்கப் பனிக்கட்டிப் பெட்டிகள் வாடகைக்கு எடுத்து, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் போட்டு நாற்பது லிட்டர். 'இலவசம்' என்று கொட்டை எழுத்தில் பலகை.

மதியம் இரண்டு மணி வரை நான்கு டம்ளர்தான் போனது. அதில் இரண்டு என் மகளுடையவை. வெயில் கொளுத்துகிறது, ஆனால் பலகையைப் பார்த்ததும் ஜனங்கள் ஒதுங்கிப் போகிறார்கள். இலவசம் என்றால் பின்னால் ஏதோ கையெழுத்து வாங்கப் போகிறான், அல்லது மதம் மாற்றப் போகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். சிரியாக்காரர் வந்து ஒரு வாய் குடித்தார். "அட, இது எங்கள் ஐரான். கொஞ்சம் கோபமான ஐரான்" என்றார். என் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, மறுபக்கத்தில் அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதினார்: 'இந்திய ஐரான், ஒரு டாலர்'. அரை மணி நேரத்தில் வரிசை நின்றது. தலையில் முக்காடு போட்ட ஒரு பாட்டி மூன்றாவது டம்ளருக்கு வந்து, கறிவேப்பிலையை விரலால் எடுத்துக் காட்டி என்னவோ கேட்டார். பெயரைத் தமிழில் சொன்னேன். இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்து, 'கரிபேலா' என்று கேட்டு ஒரு கட்டு வாங்கிப் போனார். பிளாசாவில் இருவருக்கும் நடுவே ஒரே ஒரு சுவர் இருந்தும், நான் விற்பதைச் சிரியாக்காரரும் அதுவரை ருசி பார்த்ததில்லை.

மூன்றாம் வருடம் என்னை நிர்வாகக் குழுவில் நிற்கச் சொன்னார்கள். கூட்டத்தில் தேர்ந்தெடுத்தாலும் முறைப்படி நியமிப்பது நகரசபை. என் பெயர் இருந்த தாளைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். ஒன்றும் கிடையாது அப்பா என்றேன். "அப்படியானால் கணக்கைப் பார்த்துக்கொள். சம்பளமில்லாத இடத்தில்தான் கணக்கு இடிக்கும்" என்றார்.

குழுவில் எனக்கு வாய்த்த வேலை திருவிழாத் தொண்டர்களை மேய்ப்பது. ஒன்டாரியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டுமென்றால் பிள்ளைகள் 40 மணி நேரம் சமூகப் பணி செய்தாக வேண்டும். லாபத்துக்கு நடத்தும் கடையில் நின்றால் அது பொதுவாகக் கணக்கில் சேராது. நற்சீரகம் கேட்ட அந்த அம்மாவின் பேரன், கடைசி வருடத்தில் பதினொரு மணி நேரத்தோடு என்னிடம் வந்து நின்றான். கடையில் அரிசி மூட்டை அடுக்குகிறேன் மாமா என்றான். அது ஆகாது, தெருவுக்கு வா என்றேன். திருவிழா முழுவதும் குப்பைப் பை மாற்றினான், வழி கேட்டவர்களுக்கு மூன்று மொழியில் வழி சொன்னான். முடிவில் படிவத்தை நீட்டினான். அதில் மேற்பார்வையாளர் கையெழுத்துக்கு ஒரு கட்டம். பதிமூன்று வயதில் பழகிய கையெழுத்தை இன்னும் விடாதவன் நான். 'இது என்ன எழுத்து மாமா, பள்ளியில் ஏற்பார்களா?' என்று கவலைப்பட்டான். ஏற்றுக்கொண்டார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது என் கடை திறந்திருந்தது, பலசரக்கு அத்தியாவசியம். எனக்கு இரண்டு கடை தள்ளி முடிதிருத்தும் நிலையம், அவரும் மனைவியும் மட்டுமே வேலை பார்ப்பது, அது மூடிக் கிடந்தது. மத்திய அரசு 40,000 டாலர் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. ஆனால் தொடக்க விதிகளின்படி சம்பளப் பட்டியல் காட்டவேண்டும். குடும்பமே உழைக்கும் கடையில் சம்பளப் பட்டியல் ஏது? பிறகு வாடகை போன்ற தவிர்க்க முடியாத செலவுகளைக் காட்டினாலும் போதும் என்று விதி தளர்ந்தது. அந்த ரசீதுகளையெல்லாம் என் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைமேல் பரப்பி, முகமூடியோடு நாங்கள் ஆறு கடைக்காரர்கள் அடுக்கினோம். அன்று அப்பாவின் பேரேட்டுப் பழக்கம் எனக்கு உதவிய அளவுக்கு என்னுடைய பட்டம் உதவவில்லை.

பூச்சட்டியால் வியாபாரம் கூடியதா என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. தெரு பார்க்க நன்றாக இருக்கிறது என்பது உண்மை. தெரு நன்றாக இருந்தால் வாடகையும் ஏறும் என்பது அதைவிட உண்மை. உரிமையாளரும் வாடகைக்காரனும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பூச்சட்டிக்குக் கைதூக்கலாம், ஆனால் அந்தப் பூ இருவருக்கும் ஒரே மாதிரி மணப்பதில்லை. போன வசந்தத்தில் சற்றுத் தள்ளியுள்ள ஒரு பிளாசாவின் முன்னால் நகராட்சியின் அறிவிப்புப் பலகை நட்டார்கள். இருக்கும் கட்டடத்தை இடித்து மாடிக் குடியிருப்பு கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறதாம். அதில் கோபுரத்தின் படம் இருக்கிறது, கீழே இருக்கும் கடைகள் எங்கே போகும் என்று இல்லை. இரும்புக் கடைப் பெரியவர் இப்போது ஓய்வெடுத்துவிட்டார், மகன் கடையை நடத்தவில்லை.

சென்ற கூட்டத்தில் இதைக் கேட்டேன். இடிக்கப்படும் பிளாசாவில் உள்ள வாடகைக் கடைகளுக்காக இந்த அமைப்பு ஏதாவது பேசுமா? நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயம், எழுத்தில் கொடுங்கள், அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வோம் என்றார் தலைவர். நியாயமான பதில்தான். இரவு கடையைச் சாத்திவிட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். மகள் வாங்கிப் படித்துவிட்டு, முதல் பத்தியில் எதற்கு அப்பா விருதுநகர் வருகிறது என்றாள். அதை அடித்துவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்து தொடங்கச் சொன்னாள். சிரியாக்காரரும் முடிதிருத்துகிறவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், இன்னும் ஐந்து கடை பாக்கி.