கார்த் புரூக்ஸும் என் நைட் ஷிஃப்டும்

2001-ல் சென்னையில் ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனியில் சேர்ந்தேன். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு ரிக்கார்டரில் சொல்லி வைப்பதை ஹெட்ஃபோனில் கேட்டு டைப் அடிக்கிற வேலை. காலடியில் தையல் மெஷின் மாதிரி ஒரு பெடல், ஒரு பக்கம் மிதித்தால் ஓடும், இன்னொரு பக்கம் மிதித்தால் பின்னால் போகும். எத்தனை வரி டைப் அடிக்கிறோமோ அந்தக் கணக்கில் சம்பளம். காலேஜில் இங்கிலீஷில் நல்ல மார்க் வாங்கியவன் என்ற திமிர் முதல் வாரத்தோடு போய்விட்டது, ஏனென்றால் எனக்கு வந்த ஃபைல்களில் பாதி டென்னஸி, ஓக்லஹோமா பக்கத்து டாக்டர்கள் பேசியது. அவர்கள் வாயில் 'பென்'னும் 'பின்'னும் ஒன்றுதான். 'டென்' என்றால் 'டின்' என்று விழும், 'ஃபைவ்' 'ஃபாவ்' ஆகிவிடும். இதில் சிலர் சாப்பிட்டுக்கொண்டே வேறு பேசுவார்கள்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மேடம் முன்னாள் நர்ஸ். டல்லாஸில் இருந்த தம்பி அனுப்பியது என்று ஒரு சிடியைக் கொண்டுவந்து, "காதுல விழுறதை அப்படியே டைப் பண்ணுங்க, நாளைக்குத் திருத்தித் தரேன்" என்றார். அமெரிக்க கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸின் 'நோ ஃபென்சஸ்'. கன்ட்ரி மியூசிக் என்றால் தொப்பி, குதிரை என்பதைத் தாண்டி எனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

1990 ஆகஸ்டில் வந்த அவருடைய இரண்டாவது ஆல்பம் அது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 80 லட்சம் பிரதிக்குச் சான்றிதழ் வாங்கியது. ஆள் ஓக்லஹோமாக்காரர். கன்ட்ரி மியூசிக்குக்குத் தலைநகர் மாதிரியான நாஷ்வில்லுக்கு வந்து பூட்ஸ் கடையில் வேலை பார்த்தவர், பாடலாசிரியர்கள் மற்ற பாடகர்களுக்குப் போட்டுக் காட்டுவதற்காகப் பதியும் டெமோக்களிலும் பாடிக்கொடுத்தவர். 'ஃப்ரெண்ட்ஸ் இன் லோ ப்ளேசஸ்' அப்படி வேறு யாருக்கோ பாடிய டெமோதான். முதல் ஆல்பத்தில் அதைச் சேர்க்க நேரமில்லை, ஆனால் மனதை விட்டுப் போகாததால் எழுதியவர்களிடம் சொல்லி வைத்து இரண்டாவதில் சேர்த்தார்.

அந்தத் தலைப்பே எனக்குப் புரியவில்லை. மேடம்தான் சொன்னார்: நம்ம ஊரில் 'பெரிய இடத்துல ஆள் இருக்கு' என்கிறோம் இல்லையா, அதைத் திருப்பிப் போட்டது. பாட்டு எழுதியவர்களில் ஒருவர் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் கையில் காசில்லை, எப்படிக் கொடுக்கப் போகிறாய் என்று கேட்டதற்கு, எனக்குச் சின்ன இடத்தில் ஆள் இருக்கு, சமையல்காரரைத் தெரியும் என்றாராம். வரி அப்படிக் கிடைத்ததுதான்.

சரி, என் டைப்பிங்குக்கு வருகிறேன். அந்தப் பாட்டில் நாயகன் போகிற மதுக்கடைக்குப் பெயர் 'ஓயசிஸ்'. நான் அடித்திருந்தது 'ஓல்ட் ஃபேஸஸ்'. பழைய முகங்கள். பத்துப் பதினைந்து தடவை பெடலை மிதித்துக் கேட்டேன், ஒவ்வொரு தடவையும் சத்தியமாக அப்படித்தான் கேட்டது! 'ப்ளேசஸ்'ஸுக்கு எதுகையும் உட்கார்ந்தது, அர்த்தமும் வந்தது, பழைய நண்பர்களைப் பார்க்கப் போகிறான் போல. மேடம் சிவப்பு மையில் சுழித்து, "தப்பா இருந்தா பரவாயில்லப்பா, பார்த்ததும் தெரிஞ்சிடும். இது பொருத்தமா இருக்கு பாரு, அதான் வம்பு. புரியலைன்னா அந்த இடத்துல வெறும் கோடு போட்டு விடு, கதை எழுதாதே" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு அவசரப் பிரிவு ஃபைலில் டாக்டர் முணுமுணுத்ததை 'ஹைப்பர்டென்ஷன்' என்று அடித்தேன். வயதானவர், சர்க்கரை உண்டு, பின்னே வேறென்ன இருக்கும்? அவர் சொன்னது 'ஹைப்போடென்ஷன்'. ரத்த அழுத்தம் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. நாலு வரி தள்ளி, அதற்காக சலைன் வேகமாக ஏற்றியதையும் நானே அடித்திருக்கிறேன். ஒரு ரிப்போர்ட்டுக்குள்ளேயே நான் எழுதினது ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை, எனக்கு உறைக்கவும் இல்லை. ரிப்போர்ட்டுகளைச் சரிபார்க்கிற கியூஏவில் பிடித்துவிட்டார்கள். மேடம் திட்டக்கூட இல்லை, பிரிண்ட்டை என் மேஜையில் வைத்துவிட்டு, "ஓல்ட் ஃபேஸஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம்தான் அந்த சிடியை வேலைக்காக இல்லாமல் கேட்க ஆரம்பித்தேன். விடிகாலை கம்பெனி வேனில் வரும்போது கேட்பேன், ஸ்டீல் கிட்டார் இழுக்கிற இடத்தில் பெடலே இல்லாத தரையைக் கால் மிதிக்கும். அதிகம் கேட்டது 'தி தண்டர் ரோல்ஸ்'. ராத்திரி மூன்றரை மணியில் தொடங்குகிற பாட்டு, எங்கள் ஷிஃப்டில் தூக்கம் சொக்குகிற அதே நேரம். வேறொருத்தியிடம் போய்விட்டு மழையில் காரில் திரும்புகிற கணவன், விழித்திருக்கிற மனைவி, அவன் மேல் தெரியாத சென்ட் வாசனை. அவ்வளவுதான், அப்புறம் இடி. மனைவி துப்பாக்கியை எடுக்கிற கடைசி சரணம் ஒன்று உண்டு, மேடையில் பாடுவார், ஆல்பத்தில் இல்லை. 1991-ல் வந்த வீடியோவில் கணவனாக அவரே நடித்தார், அடிக்கிற கணவன், கடைசியில் சுடுகிற மனைவி. கன்ட்ரி சேனல்கள் இரண்டு போட மாட்டோம் என்றுவிட்டன. எனக்கு ஆல்பத்தில் இருக்கிறதுதான் பிடிக்கும். முடிவு தெரிந்திருந்தும் கோடு போட்டு விட்டிருக்கிறார்.

இப்போது நான் டைப் அடிப்பதில்லை, மெஷின் அடித்துக் கொடுப்பதைத் திருத்துகிறேன். மெஷின் பிரமாதமாக அடிக்கிறது, தென்மாநில உச்சரிப்பையெல்லாம் என்னைவிட நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் என் கைக்கு வருகிற டிராஃப்டுகளில் ஒரு கோடுகூடப் பார்த்ததில்லை. டாக்டர் இருமினால்கூட அங்கே பொருத்தமாக ஒரு வார்த்தை உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் ஒரு மருந்தின் அளவு, நாலு தடவை கேட்டேன், பின்னால் யாரோ டிராலி தள்ளுகிற சத்தம்தான். மெஷின் ஒரு நம்பர் போட்டிருந்தது, நியாயமான நம்பர்தான். அழித்துவிட்டுக் கோடு போட்டு அனுப்பினேன்.