புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியர்கள் அடிக்கடி சொல்லும் வருத்தம் இது: "நடத்தும்போது புரியுதுன்னு தலையாட்டுறாங்க, அடுத்த மாசம் கேட்டா முழிக்கிறாங்க." பிள்ளைகள் படிக்காமல் இல்லை. காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஸ்பெஷல் கிளாஸ் என்று புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் படித்ததையே மறுபடி மறுபடி படிக்கிறார்கள். என் வகுப்புகளில் நான் பார்த்தவரை, பாடம் மனதில் தங்குவது புத்தகத்தை மூடிவிட்டு யோசித்து யோசித்துச் சொல்லிப் பார்க்கும்போதுதான்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று சுற்றிலும் பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் படித்துக்கொண்டே இருந்த குழுதான் முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்து வைத்தபோது அந்தக் குழுவுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்த குழுவுக்கு 61. படித்த கையோடு "எல்லாம் தெரியும் மிஸ்" என்று பிள்ளைகள் நம்பிக்கையாகச் சொல்வது ஏன் என்று இதில் புரிகிறது. அந்த நிமிடத்தில் அவர்களுக்கு உண்மையாகவே தெரியும்.

இதயம் பாடத்தை நான் எப்படி எடுக்கிறேன் என்று சொல்கிறேன். நடத்திய மறுநாள் ரஃப் நோட்டில் ஒரு பக்கம் எடுக்கச் சொல்வேன். புத்தகம் பைக்குள். நான்கு அறைகளை வரைந்து, உடம்பிலிருந்து வரும் இரத்தம் எந்த வழியாகப் போய் மறுபடி உடம்புக்குத் திரும்புகிறது என்று அம்புக்குறி போட வேண்டும். பத்து நிமிடம். வகுப்பு அமைதியாகிவிடும். மூவிதழ் வால்வு வலப்பக்கமா இடப்பக்கமா என்று பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். படத்தில் இதயத்தின் வலப்பக்கம் நம் இடக்கைப் பக்கம் வரும் என்பது, பார்த்து வரைகிற வரைக்கும் யாருக்கும் உறைக்காது. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, பச்சைப் பேனாவால் அவரவரே திருத்திக்கொள்வார்கள். நான் இரண்டு கேள்விதான் கேட்பேன்: ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைக் கொண்டுபோகும் தமனி எது? இடது வெண்ட்ரிக்கிளின், அதாவது இடது கீழறையின், சுவர் ஏன் தடிப்பாக இருக்கிறது? தானே அம்புக்குறி போட்ட பிள்ளைக்கு நுரையீரல் தமனி என்ற விடை தானாக வரும். உடம்பு முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுவது இடது வெண்ட்ரிக்கிள் என்பதும் பிடிபட்டுவிடும்.

தடுமாறுகிற அந்தப் பத்து நிமிடத்தைத் தயவுசெய்து சுருக்காதீர்கள். பாவமாக இருக்கிறதே என்று உடனே விடையைச் சொல்லிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். தேடிப் பார்த்து, கிடைக்காமல், அப்புறம் தெரிந்துகொண்ட விடை லேசில் மறக்காது.

ஸ்லிப் டெஸ்ட் எல்லாப் பள்ளியிலும் உண்டு. ஆனால் நேற்று நடத்தியதை இன்று கேட்பதோடு அது முடிந்துவிடுகிறது. நான் ஐந்து கேள்வி கேட்டால் இரண்டு நேற்றைய பாடம், இரண்டு போன வாரம், ஒன்று ஜூன், ஜூலையில் முடித்த பாடம். ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இலேயே எழுதியது இதுதான்: மறதி முதலில் வேகமாக வருகிறது, ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படித்தால் குறைந்த உழைப்பில் நிற்கிறது. அரையாண்டுக்கு அப்புறம் ரிவிஷன் என்று மொத்தமாக ஒதுக்கிவைப்பதைவிட, ஜூனிலிருந்தே தினம் ஐந்து நிமிடம் எவ்வளவோ மேல்.

இயற்பியல் கணக்குகளுக்கு வேறு ஒன்று தேவை. தொடரிணைப்புக் கணக்குகளை மட்டும் வரிசையாகக் கொடுத்தால் பிள்ளைகள் கேள்வியைப் படிக்காமலே கூட்டிவிடுவார்கள். 2 ஓம், 3 ஓம் மின்தடைகளைத் தொடரிணைப்பில் ஒரு முறையும் பக்க இணைப்பில் ஒரு முறையும் கலந்து கொடுங்கள். 5 ஓம் வர வேண்டிய இடம் எது, 1.2 ஓம் வர வேண்டிய இடம் எது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் வரும். பொதுத்தேர்வில் எந்தச் சூத்திரம் என்று யாரும் சொல்லித்தரப் போவதில்லையே.

பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்றோர் பள்ளியில் மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குப் பாடம் சொல்லவைத்த ஆண்ட்ரூ பெல், 1797-இல் அதை இங்கிலாந்தில் எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே அது பெயர் பெற்றது. என் வகுப்பில் சனிக்கிழமைகளில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் ஆசிரியராக இருப்பார். நன்றாகப் படிக்கும் பிள்ளையையே எப்போதும் ஆசிரியராக்காதீர்கள். திணறும் பிள்ளை ஒரே ஒரு நான்கு மதிப்பெண் வினாவைத் தயார் செய்துவந்து சொல்லட்டும்.

இவ்வளவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. இந்தச் சின்னத் தேர்வுகளுக்கு மதிப்பெண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது, குறைவாக எழுதியவரை எழுப்பி நிறுத்தக் கூடாது. பயம் வந்துவிட்டால் பார்த்து எழுத ஆரம்பித்துவிடுவார்கள். ரஃப் நோட்டில் பச்சை மை எவ்வளவு இருந்தாலும் நான் திட்டுவதில்லை. மறுவாரம் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்வது அந்தப் பச்சை மைதான்.