பட்டத்தின் பெயரைவிடப் பாடம் முக்கியம்

பிளஸ் டூ முடிவுகள் வெளிவரும் பருவத்தில், குற்றத் தடயங்களை ஆராயும் தடய அறிவியல் (ஃபோரன்சிக்) படிக்க வேண்டும் என்று, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துப் பிள்ளைகள் ஓரிருவராவது என்னிடம் வந்து கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வேதியியல் ஆசிரியன் என்ற முறையில் நான் அவர்களுக்குச் சொல்வது இதுதான்: இளங்கலையில் வேதியியல், இயற்பியல், உயிரியல் ஆகியவற்றில் ஒன்றை ஆழமாகப் படியுங்கள், பட்டத்தின் பெயரிலேயே தடய அறிவியல் இருக்க வேண்டும் என்று இப்போதே துடிக்க வேண்டாம்.

காரணம் எளிது. அரசு ஆய்வகங்கள் வேதியியல், நச்சியல், உயிரியல், இயற்பியல், ஆவணம் எனப் பிரிவு பிரிவாக இயங்குகின்றன. அறிவியல் அலுவலர் பணிக்குக் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) ஆள் எடுப்பதும் பிரிவு வாரியாகத்தான். பழைய அறிவிக்கைகளில் கல்வித் தகுதிப் பகுதியை வரி விடாமல் படிக்காமல், வண்ண விளம்பரத்தை நம்பி லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிவிட்டு விழிக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. காந்திநகரில் உள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு முதுகலையில் போவதற்கும் இந்த அடித்தளம் உதவும்.

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு நேரில் செல்ல வேண்டும் என்கிறது. இதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஆகவே வேலைக்கான தேவை கூடும் என்று எதிர்பார்க்கலாம். பணியிடங்கள் நாளையே திறந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது.

நம் சித்தூர் தாலுகாவில் வளர்ந்தவர்களுக்குப் பாடம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. இங்கே இறக்கும் கள் பல மாவட்டங்களுக்குப் போகிறது. எரிசாராயக் கடத்தல் வழக்குகளும் வாளையார் பக்கம் புதிதல்ல. கலால் துறை எடுக்கும் மாதிரிகள், காவல்துறையின் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அல்ல, அரசு வேதியியல் ஆய்வாளர் ஆய்வகத்துக்குப் போகின்றன என்பது பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை; அதுவும் ஒரு வேலைவாய்ப்புதான். கள்ளில் எத்தனால் இருப்பது இயல்பு. உயிரைப் பறிப்பது மெத்தனால். அது உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கெடுக்கிறது. கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபி முறையில், எத்தனாலும் மெத்தனாலும் வெவ்வேறு நேரத்தில் வரைபடத்தில் தனித்தனி முகடுகளாக வருவதைப் புரிந்துகொண்ட மாணவர், நச்சியல் பிரிவின் வாசலைத் தொட்டுவிட்டார் என்பேன்.

தொலைக்காட்சித் தொடர்கள் காட்டாத பகுதி ஒன்று உண்டு: மாதிரியைப் பாதுகாப்பது. மது அருந்தியிருந்தாரா என்று அறிய எடுக்கும் ரத்தத்தில் சோடியம் ஃபுளோரைடு சேர்க்காவிட்டால், நுண்ணுயிர்கள் குப்பிக்குள்ளேயே ஆல்கஹாலை உண்டாக்கிவிடக் கூடும்; அப்போது குடிக்காதவரும் குடித்தவராகிவிடுவார். ரத்தக்கறை படிந்த வேட்டியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதைந்துவிடும். பொட்டலம் ஆய்வகத்துக்கு வந்ததும் முதலில் பார்ப்பது அதன்மேல் உள்ள அரக்கு முத்திரையை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கூடவே அனுப்பப்பட்ட மாதிரி முத்திரையோடு அது பொருந்தாவிட்டால், பிறகு எவ்வளவு நுட்பமாக ஆய்ந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஓட்டையில் புகுந்துவிடுவார். கல்லூரி ஆய்வகத்திலேயே குப்பிக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி, தேதியும் நேரமும் எழுதி, கையெழுத்திடப் பழகிக்கொள்வது நல்லது.

ஆவணப் பிரிவைப் பற்றி நம்மவர்கள் யாரும் யோசிப்பதில்லை என்பது எனக்குக் குறை. தமிழையும் மலையாளத்தையும் சரளமாகப் படிக்கும் ஒருவர், ஒரு கையெழுத்தில் எது பள்ளியில் கற்ற பொது வடிவம், எது அந்த ஆளுக்கே உரிய சுழிப்பு என்பதை இரு மொழி எழுத்துகளிலும் பிரித்துக் காண முடியும். பத்திரங்களும் உயில்களும் இரு மொழிகளிலும் புழங்கும் எல்லைப்பகுதியில் இது சிறிய தகுதி அல்ல. இரு மொழி எழுத்தும் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. மையின் வேதியியல், எழுதுகோலின் அழுத்தம், தாளின் இழை ஆகியவற்றையும் கற்க வேண்டியிருக்கும்.

அறிக்கை எழுதுவதோடு பணி முடிவதில்லை. நீதிமன்றம் அழைத்தால் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். சேருவதற்கு முன் ஒருநாள் பாலக்காடு செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போய், பொதுமக்களுக்கு அனுமதி உள்ள வழக்கு ஒன்றில், பின்வரிசையில் அமர்ந்து சாட்சி விசாரணையைக் கேட்டுவிட்டு வாருங்கள். பிறகும் விருப்பம் குறையவில்லை என்றால், விண்ணப்பப் படிவத்தை நிரப்ப நானே உதவுகிறேன்.